வெள்ளிக்கிழமை யோசனை, சனிக்கிழமை டென்ட்: கைக்குழந்தையோடு சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் கேம்பிங்

கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களிடம் கேம்பிங் என்று சொன்னால் முதலில் வரும் பதில், "அதுக்கெல்லாம் ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணணுமாமே!" உண்மைதான். நல்ல ஸ்டேட் பார்க்குகளில் ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும், கோடைக்கால வார இறுதிகள் உடனே போய்விடும். ஆனால் கையில் எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் ஆறு மாதம் கழித்து வரும் சனிக்கிழமையைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்? சளி பிடித்திருக்கலாம், பல் முளைக்கலாம், அன்றைக்கு என்று பார்த்துக் காட்டுத்தீப் புகை வரலாம். அதனால் கைக்குழந்தை உள்ளவர்களுக்குப் பொருத்தமானது திடீர்ப் பயணம்தான் என்பது என் கட்சி. வெள்ளிக்கிழமை மாலை குழந்தையின் முகத்தைப் பாருங்கள், வானிலையைப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். அதற்கு என்னென்ன வேண்டும் என்று ஒரே இடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. விசாரித்தும் அலைந்தும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. போகலாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இப்போது வேண்டாம். அந்த வயதில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலைக்காட்டில், சிக்னல் இல்லாத இடத்தில் அந்தப் பதற்றம் தேவையில்லை. நான்கு முதல் ஆறு மாதம் வரை மிகவும் சுலபம். கிடத்திய இடத்தில் கிடக்கும், மரத்தைப் பார்த்துக் கை காலை ஆட்டும். தவழ ஆரம்பித்த குழந்தைதான் கஷ்டம். மண், குச்சி, பைன் கொட்டை எல்லாமே வாய்க்குப் போகும். ஒரு ஆள் முழுநேரமும் அதன் பின்னாலேயே இருக்க வேண்டும். எனவே தவழும் குழந்தையோடு ஒற்றை ஆளாகப் போகாதீர்கள்.

வெள்ளிக்கிழமை இரவே மூன்றைப் பாருங்கள்: குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கிறதா, போகும் இடத்தின் இரவு வெப்பநிலை என்ன, காற்றின் தரம் எப்படி. 'ஏர்நவ்' தளத்தில் தீப்புகை வரைபடமே இருக்கிறது. காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டியிருந்தால் வீட்டிலேயே இருங்கள். ஊரிலிருந்து பாட்டி போன் செய்து "பச்சப் புள்ளைய காட்டுக்கா தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்பார். "கார் நிக்கிற எடத்துலேர்ந்து இருபது அடிலதான்மா டென்ட்டு" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பதில் பாதி வேலை செய்தது.

2. இடம்: ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்

முதல் தடவையே யோசெமிட்டி என்று கிளம்பாதீர்கள். நான்கு மணி நேரம் கார் சீட்டில் கட்டிப்போட்ட குழந்தை, போய்ச் சேர்ந்ததும் உங்களைக் கட்டிப்போடும். இரவு இரண்டு மணிக்குச் சரிப்படவில்லை என்று தெரிந்தால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடும் தூரம்தான் சரியான தூரம்.

சான் ஹோசே பக்கம் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மவுன்ட் மடோனா கவுன்டி பார்க். சுமார் ஒரு மணி நேரப் பயணம், ரெட்வுட் மரங்கள் உண்டு. நம்மவர்கள் போகும் அனுமார் கோயிலும் அந்த மலையில்தான் இருக்கிறது, எனவே பாதி பேருக்கு வழி ஏற்கெனவே தெரியும். ஒரு பக்கம் இறங்கினால் கில்ராய், மறுபக்கம் வாட்சன்வில். இரண்டு ஊரிலும் அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனை இருக்கிறது. ஃபெல்டன் ஊரில் ஹென்ரி கோவெல் ரெட்வுட்ஸ், மரின் பக்கம் சாமுவேல் டெய்லர் ஸ்டேட் பார்க் இரண்டும் நல்ல இடங்கள். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே டெல் வாலே ஏரியில் தங்கலாம் என்று தோன்றும். வசந்த காலத்தில் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே வெயில் 100 டிகிரியைத் தொடும், கைக்குழந்தைக்கு ஆகாது.

3. சைட் (டென்ட் போடும் இடம்) பிடிப்பது

இதில்தான் புதியவர்கள் மனம் தளர்வார்கள். ஒரே தளத்தில் எல்லாம் கிடைக்காது. ஸ்டேட் பார்க் என்றால் 'ரிசர்வ் கலிஃபோர்னியா', தேசியப் பூங்காவும் தேசிய வனமும் என்றால் 'ரிக்ரியேஷன் டாட் காவ்', கவுன்டி பார்க்குகளுக்கு அந்தந்தக் கவுன்டியின் தளம், டெல் வாலே போன்றவற்றுக்கு ஈஸ்ட் பே பார்க் மாவட்டத்தின் தளம். எல்லாவற்றிலும் இப்போதே கணக்குத் தொடங்கி, அட்டை விவரத்தையும் போட்டு வையுங்கள். காலியான சைட் கண்ணில் பட்ட பிறகு கடவுச்சொல் உருவாக்கிக்கொண்டிருந்தால் வேறொருவர் எடுத்துவிடுவார்.

திடீர்ப் பயணத்துக்கு நம் மூலதனம் பிறர் ரத்து செய்வது. பயணத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களில் சைட்டுகள் திரும்ப வரும், காலையிலும் இரவிலும் ஒரு தடவை பாருங்கள். காலியானால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் உண்டு, அதைப் போட்டு வையுங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகள் எப்போதும் எளிது. மகப்பேறு விடுப்பிலோ, அப்பாவுக்கான விடுப்பிலோ இருக்கிறீர்களா? செவ்வாய்க்கிழமை போங்கள், பாதி கேம்ப்கிரவுண்ட் உங்களுக்குத்தான்.

சில இடங்களில் கடைசி நேரத்தில் இணையவழி பதிவு மூடிவிடும். அப்போது வாசல் சாவடிக்குப் போன் செய்து, வராதவர்களின் சைட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கலாம். தேசிய வனத்தில் 'முதலில் வருபவருக்கு முதலில்' வகைத் திடல்கள் உண்டு. அங்கே ஒரு இரும்புப் பெட்டியில் உறை போட்டுக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். சில்லறை நோட்டுகள் கையில் இல்லையென்றால் அங்கே நின்று விழிக்க வேண்டியதுதான்.

சைட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் மூன்று விஷயம்: கழிப்பறைக்கு மிக அருகில் வேண்டாம் (இரவெல்லாம் கதவுச் சத்தமும் வெளிச்சமும்), தண்ணீர்க் குழாய் பக்கம் இருக்கட்டும், கார் சைட்டிலேயே நிற்க வேண்டும். 'வாக்-இன்' என்று போட்டிருந்தால் காரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சுமந்து நடக்க வேண்டும். கைக்குழந்தைக்காரர்கள் அதைத் தொடாதீர்கள்.

4. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை இருக்கட்டும்.

முன்பதிவு உறுதிச் சீட்டு, அச்செடுத்தது. ரெட்வுட் பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது, மின்னஞ்சல் திறக்காது. பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாள அட்டை. குழந்தையின் காப்பீட்டு அட்டை, தடுப்பூசிப் பதிவின் நகல். எச்-1பி, எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்கள் 18 வயது ஆகியிருந்தால் குடிவரவுப் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) அச்சுப்படியைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கும் இதேதான்.

பெற்றோரையும் கூட்டிக்கொண்டு தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2026 ஜனவரி முதல் யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். 80 டாலர் ஆண்டு பாஸ் இங்கே வசிப்பவர்களுக்கானது, வெளியிலிருந்து வருபவர்களுக்கு அதே பாஸ் 250 டாலர். கவுன்டி பார்க்கில் இந்தத் தலைவலி கிடையாது.

நூலகத்தில் இரவல் தரும் ஸ்டேட் பார்க் பாஸைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்வார்கள். அருமையான பாஸ்தான், ஆனால் பகல்நேர வாகன நுழைவுக்கு மட்டும். கேம்பிங்குக்குச் செல்லாது.

தேசிய வனத்தில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே தங்கினால், கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட 'கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட்' வேண்டும். இலவசம். இணையத்தில் ஒரு சின்ன வீடியோ பார்த்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உடனே வந்துவிடும், அந்த ஆண்டு முடியும் வரை செல்லும். தேவைப்படுகிறதோ இல்லையோ, எடுத்து வையுங்கள்.

5. நிரந்தரப் பெட்டி

திடீரென்று கிளம்ப முடிகிறதா இல்லையா என்பதை இதுதான் தீர்மானிக்கும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் கேம்பிங் சாமான் எப்போதும் தயாராக இருக்கட்டும். வீட்டு உபயோகத்துக்கு அதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. லைட்டர், சின்ன கத்தி, டார்ச் மூன்றும்தான் அடிக்கடி காணாமல் போகும்.

டென்ட் ஆறு பேருக்கானது வாங்குங்கள். இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும்தானே என்று நான்கு பேர் டென்ட் எடுத்தால் மடக்குத் தொட்டிலை விரித்ததும் கால் நீட்ட இடமிருக்காது. அந்தத் தொட்டில் விரித்தால் ஏறக்குறைய 40 அங்குலம் நீளம், 28 அங்குலம் அகலம். கடையில் டென்டின் தரை அளவைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். இரட்டை அடுப்பு, ஒரு குக்கர் (மூன்று லிட்டர் போதும்), ஐஸ் பெட்டி, குடிதண்ணீர் கேன், நெற்றியில் கட்டும் விளக்கு இரண்டு, சிவப்பு வெளிச்சம் உள்ளதாக இருந்தால் மிக நல்லது. இரவில் டயப்பர் மாற்றும்போது வெள்ளை வெளிச்சம் பட்டால் குழந்தை விடிந்துவிட்டதாக முடிவு செய்துவிடும்.

ஒரு பழைய பவானி ஜமக்காளம் கட்டாயம் போடுங்கள். கடையில் விற்கும் பிக்னிக் விரிப்பு எதுவும் அதற்கு ஈடில்லை. கனம் இருப்பதால் காற்றில் பறக்காது, குச்சி குத்தாது, உதறினால் மண் போய்விடும்.

6. குழந்தையின் படுக்கை

மற்ற எல்லாவற்றிலும் சமாளித்துக்கொள்ளலாம், இதில் மட்டும் சமாளிப்பு வேண்டாம்.

குழந்தைக்குத் தனிப் படுக்கை. தட்டையாக, கெட்டியாக, மல்லாக்க. காற்றடைத்த மெத்தையில் உங்கள் பக்கத்தில் போடக் கூடாது, மெத்தை அமுங்கிக் குழந்தை உருண்டு வந்து முகம் புதைந்துவிடும். பெரியவர்களின் ஸ்லீப்பிங் பேகுக்குள் சேர்த்துப் படுக்க வைப்பதும் ஆபத்து. மேலே தனிப் போர்வை, தலையணை எதுவும் வேண்டாம். குளிருக்கு, கையில்லாத ஜிப் வைத்த தூக்கப்பை போடுங்கள். எடை சேர்த்துத் தைத்த தூக்கப்பைகள் விற்கிறார்கள், அவற்றை இங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கம் வேண்டாம் என்கிறது.

அப்புறம் தூளி. ரெட்வுட் மரக் கிளையைப் பார்த்ததும் அம்மாவின் பழைய புடவை ஞாபகம் வரத்தான் செய்யும். நாமெல்லாம் தூளியில் வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் வளைந்த துணியில் கழுத்து மடங்கி மூச்சு அடைபடும் என்பதால் இங்குள்ள மருத்துவர்கள் தூக்கத்துக்கு அதை ஏற்பதில்லை. பல பூங்காக்களில் மரத்தில் எதையும் கட்டவும் தடை. புடவையை வெயில் மறைப்பாகக் கட்டிக்கொள்ளலாம், காரின் கதவுக்கும் டென்டின் கம்பத்துக்கும் நடுவில்.

கோடையிலும் கடலோர மலைகளில் இரவு 50 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கும், அதாவது 10 டிகிரி செல்சியஸ். உங்களுக்கு எத்தனை அடுக்கு உடை வேண்டுமோ அதற்கு மேல் ஒரு அடுக்கு குழந்தைக்கு. உள்ளே பருத்தி, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் தூக்கப்பை. கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பிடரியிலும் நெஞ்சிலும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள்.

டென்டுக்குள் அடுப்போ கேஸ் ஹீட்டரோ கணப்போ எக்காரணம் கொண்டும் கூடாது, ஒரு நிமிடம்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சாம்பிராணியும் கொசுவத்தியும் இதே கணக்குதான்.

7. நேரக் கணக்கு

ஸ்டேட் பார்க்குகளில் உள்ளே விடுவது மதியம் 2 மணிக்கு, காலி செய்வது மறுநாள் 12 மணிக்கு. எனவே காலையில் பரபரக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை காலை சாமான் ஏற்றுங்கள், குழந்தையின் மதியத் தூக்க நேரத்துக்குக் காரை எடுங்கள். தூங்கிக்கொண்டே வந்துவிடும். பால் குடித்த உடனே கிளம்பினால் மலைப்பாதை வளைவில் வாந்திதான். ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது கழியட்டும். கலிஃபோர்னியா சட்டப்படி இரண்டு வயதுவரை கார் சீட் பின்னோக்கித்தான் இருக்க வேண்டும் (40 பவுண்டு எடையோ 40 அங்குல உயரமோ எட்டினால் மட்டும் விலக்கு). "வழியெல்லாம் அழுதுச்சு, அதான் திருப்பி வச்சோம்" என்பது போலீசிடம் எடுபடாது.

போய்ச் சேர்ந்ததும் செய்யும் முதல் வேலை டென்ட். டீ அப்புறம். ஒருவர் குழந்தையைக் கேரியரில் கட்டிக்கொள்ள, மற்றவர் டென்டை நிறுத்தி, தொட்டிலை விரித்து, இரவு உடைகளை எடுத்து வைத்துவிட வேண்டும். மரங்களுக்கு நடுவே இருட்டு சீக்கிரம் வரும்.

டென்ட் போடுவதற்கு முன் தரையையும் சுற்றியுள்ள செடிகளையும் பாருங்கள். மூன்று மூன்றாக இலை சேர்ந்து, பளபளப்பாக, சில சமயம் செந்நிறமாக இருந்தால் அது பாய்சன் ஓக். பட்டால் கொப்புளமும் அரிப்பும் வரும். அதில் உரசிய உங்கள் பேன்ட் மூலமாகவே குழந்தைக்கு ஒட்டும்.

8. பால், கஞ்சி, டயப்பர்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை என்றால் பாதிச் சுமை குறைவு. எடுத்து வைத்த பாலை உறைந்த ஐஸ் பேக்குகளோடு குளிர் காக்கும் பையில் 24 மணி நேரம் வைத்திருக்கலாம். பவுடர் பால் என்றால் ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் போட்டு, கொதிக்க வைத்த தண்ணீரைப் பிளாஸ்கில் கொண்டு போங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம்தான். மிச்சத்தைக் கீழே கொட்டாதீர்கள், வாசனைக்கு விலங்குகள் வரும்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குச் சத்துமாவுக் கஞ்சி போல் ஒன்று கிடையாது. அடுப்பில் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். இரவுக்குப் பருப்பு சாதத்தைக் குக்கரில் வைத்துக் குழைத்துக்கொள்ளலாம், பெரியவர்களுக்கும் அதிலேயே ரசம் ஊற்றிக்கொள்ளலாம். கேம்பிங்குக்கு வந்து பர்கர்தான் சுட வேண்டும் என்று சட்டமில்லை. குக்கர் விசில் சத்தத்துக்குப் பக்கத்து சைட்காரர்கள் ஓடிவந்து எட்டிப்பார்ப்பார்கள், அதையும் எதிர்பாருங்கள்.

டயப்பர் வழக்கமான எண்ணிக்கையைப் போல் ஒன்றரை மடங்கு. அழுக்கானதை ஜிப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், குழிக் கழிப்பறைக்குள் போடாதீர்கள். சான்டா குரூஸ் மலைகளில் கரடி இல்லை, ஆனால் ரக்கூன் உண்டு. இருட்டியதும் இரண்டு பச்சைக் கண் மேசைக்கு அடியில் தெரியும். ஜிப்பை அது திறக்கும் லாவகத்தைப் பார்த்தால் மனிதக் கை தோற்றுவிடும். எங்கள் டயப்பர் பையிலிருந்து வாழைப்பழ மசியல் பாக்கெட்டை மட்டும் தேர்ந்தெடுத்து இழுத்துப் போனது, துடைப்பான்களைச் சீண்டவில்லை. சியர்ரா நெவாடா மலைகள் பக்கம் போனால் கரடிக் கணக்கு தனி. அங்கே உணவு மட்டுமல்ல, துடைப்பான், கிரீம், ஷாம்பு என்று வாசனையுள்ள எல்லாமே இரும்புப் பெட்டகத்துக்குள் போக வேண்டும். கார் சீட்டில் சிந்திய பிஸ்கட் தூளையும் துடைத்துவிட வேண்டும்.

கொசு மருந்து இரண்டு மாதத்துக்குக் கீழ் கூடாது, எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குக் கீழ் கூடாது. வெயில் கிரீமும் ஆறு மாதம்வரை தவிர்த்து, நிழலையும் முழுக்கைச் சட்டையையும் நம்புங்கள். தொட்டிலின் மேல் இறுக்கமாக இழுத்துப் போடும் கொசுவலை ஒன்று வாங்கிவிடுங்கள்.

9. இரவு அழுதால்

அழும். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்ற விதி கூத்தடிப்பவர்களுக்காக, குழந்தைக்காக அல்ல. இருந்தாலும் நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். மாலையே பக்கத்து சைட்டுக்குப் போய் "எங்களிடம் கைக்குழந்தை இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவர்கள் தங்கள் பிள்ளைகள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அழுகை நீண்டால் டென்டுக்குள் போராடாமல் காருக்குப் போங்கள். கதவை மூடினால் சத்தம் அடங்கும், பால் கொடுக்கலாம், உடை மாற்றலாம். தூங்கியதும் மறுபடி தொட்டிலில். கார் சீட்டிலேயே இரவு முழுவதும் விட்டுவிடக் கூடாது.

விடியற்காலை நான்கு மணிக்கு டென்டின் உட்கூரையில் மூச்சுக்காற்று நீர்த்துளிகளாகக் கோத்து நிற்கும். தொட்டில் சுவரை ஒட்டியிருந்தால் சொட்டும். மேல் வலை ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்து, தொட்டிலை நடுவில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எப்போது திரும்புவது என்பதை வீட்டிலேயே பேசி வையுங்கள். காய்ச்சல், இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காமல் இருப்பது, புகை, நிற்காத மழை. இதில் எது வந்தாலும் விவாதம் கிடையாது. டென்டை அப்படியே சுருட்டி டிக்கியில் போட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

10. எவ்வளவு ஆகும்

ஸ்டேட் பார்க் சைட் ஓர் இரவுக்குப் பெரும்பாலும் 35 டாலர் அளவில், அதற்கு மேல் சுமார் 8 டாலர் பதிவுக் கட்டணம். இந்தப் பதிவுக் கட்டணம் ரத்து செய்தாலும் திரும்பாது. ஒரு வாகனம் இதில் அடங்கும். நண்பர் குடும்பம் இரண்டாவது காரில் வந்தால் அதற்குத் தனிக் கட்டணம். ஒரு சைட்டில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. விறகு ஒரு கட்டு 10 டாலர் வரை. வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள், மரங்களை அரிக்கும் பூச்சிகள் அதனோடு பயணம் செய்கின்றன. கோடையில் தீ மூட்டத் தடை வரலாம் என்பதால் சமையலை விறகை நம்பி வைக்காதீர்கள்.

சாமான்தான் பெரிய செலவு. முதல் தடவைக்கே வாங்கிக் குவிக்க வேண்டாம். டென்ட், அடுப்பு போன்றவற்றை ஆர்.இ.ஐ. கடைகள் சிலவற்றில் வாடகைக்குத் தருகிறார்கள், இல்லையென்றால் நண்பர்களிடம் கேளுங்கள். இந்த ஊரில் கராஜில் டென்ட் தூசி படியாத தமிழ்க் குடும்பம் குறைவு.

11. வீட்டுக்கு வந்ததும்

முதலில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, தொப்புள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கசகசா அளவில்கூட இருக்கும். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் வைப்பது, சூடு காட்டுவது கூடாது. எடுத்ததை ஒரு டேப்பில் ஒட்டித் தேதி எழுதி வைத்தால் மருத்துவர் கேட்கும்போது உதவும்.

போட்டிருந்த துணிகளைத் தனியாகத் துவைத்துச் சூடான டிரையரில் போடுங்கள். டென்டை ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை வாடை பிடிக்கும். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் பால்கனிக் கம்பியில் போடலாம், நிர்வாகம் கண்டிக்கிற இடமென்றால் குளியலறைத் திரைக்கம்பியில் ஒரு ராத்திரி தொங்கவிட்டு மின்விசிறியைப் போட்டு வையுங்கள்.